கெடு தாண்டிய இழப்பீட்டு மனு: நீதிபதி எப்போது மன்னிக்க முடியும், எப்போது முடியாது?

இழப்பீட்டு மனு தாமதமாகிவிட்டது என்று சொன்னால் மும்பையில் தாராவியிலோ சயான் கோளிவாடாவிலோ இரண்டு விதமான பதில் வரும். "டைம் முடிஞ்சு போச்சு, இனி ஒண்ணும் நடக்காது" என்பார் ஒருவர். "ஜட்ஜ்கிட்ட கஷ்டத்தைச் சொன்னா விட்டுக்கொடுப்பாரு" என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதிதான் சரி. சில சட்டங்கள் கதவைச் சாத்திவிட்டுச் சாவியை நீதிபதியிடம் கொடுத்திருக்கின்றன. சில சட்டங்கள் சாவியே செய்யவில்லை. அதனால் "எத்தனை நாள் தாமதம்?" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறோம்?" என்று கேட்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிக் கேட்பதால்தான் வாங்கக்கூடிய பணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; கிடைக்காத பணத்துக்காகச் சிலர் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைகிறார்கள்.

கெடு எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாட்சிகள் மறந்துவிடுவார்கள், ஸ்டேஷன் கேமராப் பதிவு அழிந்துவிடும், எதிர்த்தரப்பும் காலமெல்லாம் வழக்குக்குப் பயந்துகொண்டே இருக்க முடியாது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கும் பத்து வக்கீல் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே காலண்டரைக் காட்டுவது எப்போதும் நியாயமாக இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் தாமத மன்னிப்பு என்ற ஏற்பாடு வந்தது. கோர்ட் வராந்தாவில் இதன் பெயர் 'டிலே கன்டோன்'.

ஓர் உதாரணத்தோடு போவோம். கற்பனைதான், ஆனால் லோக்கல் ரயிலில் போய்வருகிற யாருக்கும் புதிதாக இருக்காது. தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். 2023 மார்ச் 13, திங்கட்கிழமை காலை நெரிசலில் சயானில் ஏறுகிறார், வாசலில் நின்றபடி போகிறார், குர்லா வருவதற்குள் தவறி விழுகிறார். சயான் ஆஸ்பத்திரியில் கிடந்து மார்ச் 22 அன்று இறந்துபோகிறார். மனைவி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்குப் போகிறார். காரியம் முடிகிறது. அங்கேயே தங்கிவிடுகிறார். 2024 ஜூன் 9 அன்றுதான் மும்பை திரும்புகிறார். சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) பக்கத்து வீட்டு அக்கா, "ரயில்வேகாரன்கிட்ட பணம் கேட்டியா, இல்லையா?" என்று கேட்டபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிகிறது. மனு ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்துக்கு (ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனல்) போனது ஜூலை 22 அன்று.

முதலில் உரிமை. 1989 ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவின்படி, பயணி ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தால் ரயில்வேயின் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, இழப்பீடு உண்டு. தற்கொலை, தானே வருவித்துக்கொண்ட காயம், சொந்தக் குற்றச்செயல், போதை, இயற்கையான நோய் ஆகியவை விலக்கு. வாசலில் நின்றது கவனக்குறைவுதானே என்று ரயில்வே வாதாடும். கவனக்குறைவும் தானே வருவித்துக்கொண்ட காயமும் ஒன்றல்ல என்று 2018இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடலோடு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் 'பயணி அல்ல' என்று தள்ளிவிட முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேக்குப் போகும். இறப்புக்கான தொகை 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சம் ரூபாய். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்போது அடிபட்டால் இந்தப் பிரிவு உதவாது. மும்பையில் இந்த வித்தியாசம் பெரியது. பஞ்சநாமாவில் (சம்பவ இடத்தில் சாட்சிகளை வைத்துப் போலீஸ் எழுதும் பதிவில்) 'ரயிலிலிருந்து விழுந்தார்' என்று எழுதியிருக்கிறதா, 'பாதை கடந்தார்' என்று எழுதியிருக்கிறதா என்பதை முதல் வேலையாகப் பாருங்கள்.

அடுத்தது கெடு. 1987 ரயில்வே உரிமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, விபத்து நடந்து ஓராண்டுக்குள் மனு கொடுக்கச் சொல்கிறது. கணக்கு விபத்து நாளிலிருந்து ஓடுகிறது, இறந்த நாளிலிருந்து அல்ல. நம் உதாரணத்தில் கெடு 2024 மார்ச் 13. ஜூலை 22 வரை 131 நாள் தாமதம். ஆனால் அதே 17ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, குறித்த காலத்துக்குள் வராததற்குப் 'போதிய காரணம்' இருந்ததாகத் தீர்ப்பாயம் திருப்தியடைந்தால் பிறகும் மனுவை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அதற்கு உச்ச வரம்பு எதுவும் போடவில்லை. அதாவது இந்தக் கதவுக்குச் சாவி உண்டு.

இதில் இரண்டு படி இருக்கிறது. போதிய காரணத்தைக் காட்டுவது முதல் படி. காட்டிய பிறகும் மன்னிக்கலாமா என்று தீர்ப்பாயம் யோசிப்பது இரண்டாவது படி. காரணம் இருந்தாலே மன்னிப்பு தானாக வந்துவிடாது. அது மனுதாரரின் உரிமை அல்ல, கோர்ட்டின் விருப்புரிமை என்று 1961இலேயே ராம்லால் எதிர் ரேவா கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்தத் தீர்ப்பில் மனுதாரருக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. கெடுவுக்குள் இருந்த நாட்களில் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டு ஒருவரைத் தண்டிக்கக் கூடாது. கடைசி நாள் வரை காத்திருக்க எவருக்கும் உரிமை உண்டு. கெடு முடிந்ததிலிருந்து மனு போட்ட நாள் வரைக்கும்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

இந்தக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் ஜெயிக்கின்றன அல்லது தோற்கின்றன. மனுவோடு தனியாகத் தாமத மன்னிப்பு விண்ணப்பமும் அதற்கு ஒரு பிரமாணப் பத்திரமும் போட வேண்டும். அவசரமாகத் தட்டச்சு செய்து வாங்கினால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "மனுதாரர் ஏழை, படிப்பறிவு இல்லாதவர், சட்டம் தெரியாதவர். தாமதம் வேண்டுமென்றே நேர்ந்ததல்ல. ஆகவே மன்னிக்க வேண்டுகிறார்." ஒரு தேதி இல்லை, ஒரு தாள் இணைப்பு இல்லை. பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். இதைப் படிக்கும் நீதிபதி இதையே ஆயிரம் தடவை படித்திருப்பார். சட்டம் தெரியாது என்பது தனியாக நின்றால் பெரும்பாலும் போதிய காரணம் ஆகாது. ஏழ்மை, துக்கம், ஊர்விட்டு ஊர் போனது, பக்கத்தில் கேட்க ஆளில்லாதது எல்லாம் சேர்ந்து வரும்போதுதான் அதற்கு எடை கூடும்.

நம் உதாரணத்தில் இருக்கும் பெண்ணுக்கு 131 நாளை இரண்டு துண்டாகப் பிரித்துச் சொல்ல முடியும். மார்ச் 13 முதல் ஜூன் 9 வரை 88 நாள் அவர் திருநெல்வேலியில் இருந்தார். மாமியாருக்கு பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. அரசு மருத்துவமனைச் சீட்டு இருக்கிறது. மே மாதம் மாமியார் இறந்தார். இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. மகன் ஊர்ப் பள்ளியில் படித்ததற்குச் சான்று இருக்கிறது. மும்பை திரும்பிய டிக்கெட் இருக்கிறது. மிச்சம் 43 நாள். ஜூன் 14 அன்று முதன்முதலாக இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனார். ஜூன் 18 அன்று ரயில்வே போலீசில் விபத்து மரண அறிக்கை, பஞ்சநாமா, பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல்கள் கேட்டு எழுதிக்கொடுத்தார். விண்ணப்பத்தின் நகலில் முத்திரை இருக்கிறது. ஜூலை 12 அன்று நகல் கைக்கு வந்தது. பத்து நாளில் மனு தயாரானது. இவ்வளவுதான். இதில் ஒரு வார்த்தைகூட அழுகை இல்லை, ஆனால் எந்த வாரம் எங்கே போனது என்று கேட்டால் பதில் இருக்கிறது. என் கருத்தில், நல்ல வக்கீல் வாதத்தைவிட அந்த ஜூன் 18 முத்திரைக்கு மதிப்பு அதிகம். எந்த அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் இன்னொரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

'ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் வேண்டும்' என்ற பழைய வாசகத்தைச் சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். 1987இல் வந்த காடிஜி தீர்ப்பு, அந்த வாசகத்தைக் குருட்டுத்தனமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்றது. அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும், ஒவ்வொரு நொடிக்கும் விளக்கம் கேட்க வேண்டியிருக்குமே என்று நீதிபதிகள் திருப்பிக் கேட்டார்கள். தாமதமாக வருவதால் சாதாரண வழக்காளிக்கு லாபம் எதுவும் இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. சுவாரஸ்யம் என்னவென்றால், அது ஏழை விதவை போட்ட வழக்கல்ல. நில இழப்பீட்டைக் கூட்டிக் கொடுத்ததை எதிர்த்து அரசு போட்ட மேல்முறையீடு. தாமதம் வெறும் 4 நாள். அதற்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

நாட்களின் எண்ணிக்கை முடிவைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு 1998இன் என்.பாலகிருஷ்ணன் வழக்கைப் பார்க்கலாம். 883 நாள் தாமதம், மன்னிக்கப்பட்டது. வக்கீல் ஏமாற்றிவிட்டார் என்பது விளக்கம். அதே வக்கீல் மீது நுகர்வோர் மன்றத்தில் போய் இழப்பீடும் வாங்கியிருந்தார் அந்த மனிதர், ஆகவே சொன்னதை நம்ப இடமிருந்தது. தாமதம் எவ்வளவு நீளம் என்பதைவிட விளக்கம் ஏற்கும்படி இருக்கிறதா என்பதே அளவுகோல் என்றது கோர்ட். ஆனால் 2012இல் லிவிங் மீடியா வழக்கில் அஞ்சல் துறை 427 நாள் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டபோது கிடைக்கவில்லை. ஃபைல் மேசைக்கு மேசை நகர்ந்தது என்பதெல்லாம் இந்தக் காலத்தில் காரணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். 2024இல் பத்தபாட்டி சுப்பா ரெட்டி வழக்கு, நில இழப்பீடு பற்றியதுதான், 5,659 நாள் தாமதம், மறுக்கப்பட்டது. தாராளமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் காலவரம்புச் சட்டத்தையே இல்லாமல் ஆக்கிவிட முடியாது என்பது அதன் சாரம்.

மன்னிப்பு பெரும்பாலும் சும்மா வராது. எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டச் சொல்லலாம். நில இழப்பீட்டு வழக்குகளில், தாமதித்த காலத்துக்கு வட்டி கிடையாது என்ற நிபந்தனையோடு மன்னித்த தீர்ப்புகள் உண்டு. இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். தாமதத்தால் எதிர்த்தரப்புக்கு ஏறும் பாரத்தை எடுத்துவிட்டால் மறுப்பதற்குக் காரணம் குறைகிறது. கேட்பவர்களே முன்வந்து, தாமதக் காலத்துக்கு வட்டி வேண்டாம் என்று விண்ணப்பத்தில் எழுதிவிடலாம்.

இனி மற்றச் சட்டங்கள். சாலை விபத்துதான் இப்போது பெரிய தலைவலி. 1988 மோட்டார் வாகனச் சட்டம் வந்தபோது 6 மாதக் கெடு இருந்தது. போதிய காரணம் காட்டினால் 12 மாதம் வரை நீளும். 1994 திருத்தம் அந்தக் கெடுவையே எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு தலைமுறை, சாலை விபத்துக்கு எப்போது வேண்டுமானாலும் கேஸ் போடலாம் என்றே பழகிவிட்டது. நம் பெரியவர்கள் இன்றும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2019 திருத்தம் 166ஆம் பிரிவில் 6 மாதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. முன்பு இருந்த 'போதிய காரணம் காட்டினால்' என்ற வாசகம் மட்டும் திரும்ப வரவில்லை. சாவி தொலைந்ததா, வேண்டுமென்றே எடுக்கப்பட்டதா என்பதுதான் சண்டை. அந்தக் கெடு செல்லுமா என்று கேட்கும் வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் அது தீர்ப்பாயங்களுக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்காலம் என்றால் இடைக்காலம்தான். அதை நம்பி 6 மாதத்தைத் தாண்டவிடாதீர்கள்.

அதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு பின்வாசல் இருக்கிறது. சாலை விபத்தை விசாரிக்கும் போலீஸ், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். போலீஸ் அனுப்பும் விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 166ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு. ஆகவே குடும்பத்தார் கெடுவுக்குள் போகாவிட்டாலும் போலீஸ் அறிக்கை போயிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். அனுப்பினார்களா, எந்தத் தேதியில் என்று ஸ்டேஷனில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

வேலை செய்யும் இடத்தில் விபத்து என்றால் 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இரண்டு ஆண்டுக் கெடு. இறப்பு என்றால் இறந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். போதிய காரணம் காட்டினால் ஆணையர் அதற்குப் பிறகும் ஏற்கலாம். பிரஸ் மெஷினில் விரல் போன பையனை முதலாளி "பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்" என்று இரண்டு வருஷம் இழுத்தடித்தால், அந்தப் பேச்சே காரணமாக உதவும், வாட்ஸாப்பில் இருந்தால். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருப்பதால், அதற்குப் பின் நடந்த விபத்துகளுக்குப் புதிய சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது, ஆஸ்பத்திரி தவறாகச் சிகிச்சை செய்தது போன்றவை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும். இரண்டு ஆண்டு, பிறகும் மன்னிப்புக்கு இடமுண்டு, ஆணையம் காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய 30 நாள், மேலே 15 நாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆணையம் நினைத்தாலும் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று 2020 மார்ச் 4 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கெடு கம்பெனிகளையும் கடிக்கும் இடம் இது.

சாவியே இல்லாத கதவு சிவில் வழக்கு. பக்கத்துக் கட்டடச் சுவர் இடிந்து ஒருவர் இறந்தார், கட்டட உரிமையாளர் மீது 1855 உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட வேண்டும் என்றால் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. 1963 காலவரம்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவுதான் தாமதத்தை மன்னிக்கும் பொது அதிகாரம்; அது மேல்முறையீட்டுக்கும் விண்ணப்பத்துக்கும் உண்டு, வழக்குக்குக் கிடையாது. எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும் கெடு தாண்டிய வழக்கைக் கோர்ட் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது 3ஆம் பிரிவு. நீதிபதி எவ்வளவு நல்லவர் என்பது இங்கே உதவாது.

அங்கேயும் மன்னிப்புக் கேட்காமல் நாட்களைக் குறைக்கும் வழிகள் சில உண்டு. கடைசி நாள் கோர்ட் விடுமுறை என்றால் திறக்கும் நாளில் போடலாம். நல்லெண்ணத்தோடு தவறான கோர்ட்டில் வழக்கு நடத்திய காலத்தை 14ஆம் பிரிவின்படி கழிக்கலாம். எதிர்த்தரப்பு மோசடியாக உண்மையை மறைத்திருந்தால் அது தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம். சிவில் வழக்கில் மைனர் பிள்ளைகளுக்கு 18 வயது வரை காலம் ஓடாது, பிறகும் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். தீர்ப்பாய மனுக்களுக்கு இந்த மைனர் சலுகை அப்படியே பொருந்தும் என்று நம்பி உட்கார வேண்டாம். கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை கழித்துக்கொடுத்ததும் பழைய விபத்துகளில் இன்னும் உதவலாம்.

தாமத மனுவைத் தீர்ப்பாயம் மறுத்தால் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ரயில்வே வழக்கில் மேல்முறையீட்டுக்கு 90 நாள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி. ஸ்டேஷன் வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் வந்து "பாதிக்குப் பாதி" என்று பேசும் ஏஜெண்டிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே இல்லை.

ஊருக்குத் திரும்பிவிட்டவர்களுக்கு இன்னொன்று. விபத்து மும்பையில் நடந்தது என்பதற்காக மனுவையும் மும்பையில்தான் போட வேண்டும் என்றில்லை. மனுதாரர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்துக்குரிய அமர்விலும் கொடுக்கலாம் என்று ரயில்வே தீர்ப்பாய விதி இருக்கிறது. சென்னையில் ஓர் அமர்வு இருக்கிறது. நம் உதாரணத்தில் இருக்கும் பெண் திருநெல்வேலியில் இருந்தபடியே, கெடுவுக்குள்ளேயே, சென்னை அமர்வில் மனு கொடுத்திருக்க முடியும்.